பிட்டர்ஸ் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதானா?

3 ஜூன் – வாசகர் ஒருவரின் கேள்வி

வீட்டில் ஓல்டு ஃபேஷன்ட் என்ற விஸ்கி காக்டெயில் செய்து பார்த்தேன். 60 மில்லி பர்பன் (அமெரிக்க விஸ்கி), ஒரு சர்க்கரைக் கட்டி, பிட்டர்ஸ் (கசப்பு மூலிகையும் மசாலாவும் ஊறிய சாராயம்) ரெண்டு சொட்டு, ஐஸ். மறுநாள் பிட்டர்ஸே இல்லாமல் அதையே செய்தேன். சத்தியமாக எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. 50 மில்லி குப்பிக்கு நான் கொடுத்த காசில் அரை பாட்டில் விஸ்கி வாங்கியிருக்கலாம். இது பார் நடத்துகிறவர்கள் கட்டிவிட்ட கதை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

3 ஜூன், இரவு

மறுக்கிறேன். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி. உங்கள் குப்பியின் வாய் எப்படி இருக்கிறது? ரப்பர் குமிழ் வைத்த சொட்டுக் குழாயா, குலுக்கினால் பீய்ச்சுகிற துளை மூடியா?

4 ஜூன்

சொட்டுக் குழாய் என்று பதில் வந்திருக்கிறது. அப்படியானால் உங்கள் நாக்கில் குறையே இல்லை. நீங்கள் குடித்த இரண்டு கிளாஸும் கிட்டத்தட்ட ஒரே பானம்தான்.

செய்முறைகளில் 'இரண்டு டாஷ்' என்று இருப்பது அங்கோஸ்டுரா போன்ற பிட்டர்ஸ் பாட்டிலின் துளை மூடியை மனதில் வைத்து எழுதியது. பாட்டிலைத் தலைகீழாக்கி ஒரு உதறு உதறினால் விழுகிற அளவு அது. ஏறத்தாழ 0.8 மில்லி வரும். சொட்டுக் குழாயில் ஒரு சொட்டு 0.05 மில்லி கூடத் தேறாது. செய்முறை கேட்டது 1.6 மில்லி, நீங்கள் விட்டது 0.1 மில்லி. பதினாறில் ஒரு பங்கு! சாம்பாரில் கூட உப்பை அப்படிக் குறைத்தால் 'போடவே இல்லையா' என்றுதான் கேட்போம்.

சிறு நிறுவனங்கள் பலவும் அழகுக்காகச் சொட்டுக் குழாய் வைத்து விற்கின்றன. அந்தப் பாட்டில்களில் சில, வழக்கமானதை விடச் செறிவாக இருக்கும். அதனால் நேராகப் பதினாறு மடங்கு போட்டுவிடாதீர்கள். கால் டீஸ்பூனில் தொடங்குங்கள், அதாவது 1.25 மில்லி. போதவில்லை என்றால் மேலே போகலாம். உள்ளே போனதை வெளியே எடுக்க முடியாது.

4 ஜூன், கொஞ்ச நேரம் கழித்து

இன்னொன்று விட்டுப்போயிற்று. துளை மூடியிலும் ஒரு டாஷ் எப்போதும் ஒரே அளவாக விழாது. பாட்டில் நிரம்பியிருக்கும்போது ஒரு மாதிரி, பாதி காலியானதும் வேறு மாதிரி. உதறுகிற கையையும் பொறுத்தது. ஜப்பான் பாணிக் கண்ணாடிக் குப்பிகளில் வாய் மெலிதாக இருப்பதால் டாஷ் இன்னும் சின்னதாக வரும். நான் வேலை பார்த்த பார்களில் எல்லாப் பிட்டர்ஸையும் ஒரே மாதிரிக் குப்பிகளில் ஊற்றி வைப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம். அழகு அப்புறம்தான்.

சோதனையைத் திரும்பச் செய்யப் போகிறீர்கள் என்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யாதீர்கள். நாக்குக்கு நேற்றைய ஞாபகம் இருக்காது. மூன்று கிளாஸை வரிசையாக வையுங்கள். மூன்றிலும் ஒரே விஸ்கி, ஒரே சர்க்கரை, ஒரே அளவு ஐஸ். ஒன்றில் பிட்டர்ஸ் வேண்டாம், ஒன்றில் இரண்டு டாஷ், ஒன்றில் ஆறு. ஆரஞ்சுத் தோலை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், அதன் எண்ணெய் வாசனை எல்லாவற்றையும் மூடிவிடும். யாரையாவது கிளாஸ்களை இடம் மாற்றி வைக்கச் சொல்லி, குடிப்பதற்கு முன்னால் முகர்ந்து பாருங்கள். நிறத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்பதால் விளக்கை மங்கலாக வையுங்கள்.

ஆறு டாஷ் கிளாஸ் குடிப்பதற்கு அல்ல. பிட்டர்ஸ் என்னென்ன செய்கிறது என்பதைப் பெரிது பண்ணிக் காட்டும். அதை ஒரு தடவை தெரிந்துகொண்டால், இரண்டு டாஷ் கிளாஸிலும் அதே குணம் அடங்கிய குரலில் இருப்பது பிடிபடும்.

6 ஜூன்

'கசப்பு வேண்டும் என்றால் டானிக் வாட்டர் குடிக்கலாமே' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இந்த எண்ணம் பலருக்கும் இருக்கிறது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

பிட்டர்ஸை யாரும் கசப்புக்காகப் போடுவதில்லை. இரண்டு டாஷ் விழுந்த ஓல்டு ஃபேஷன்ட் கசக்காது. அதற்கு நேர் எதிராக, பிட்டர்ஸ் இல்லாத கிளாஸ்தான் வெறும் தித்திப்பும் எரிச்சலுமாகத் தனித்தனியே நிற்கும். சர்க்கரை ஒரு பக்கம், சாராயம் ஒரு பக்கம். கசப்பு கொஞ்சம் உள்ளே வந்ததும் தித்திப்பு தலைதூக்காமல் அடங்குகிறது. கூடவே வருகிற கிராம்பு, பட்டை வாசனை, பர்பன் ஓக் பீப்பாயிலிருந்து எடுத்துக்கொண்ட வனிலா, பட்டை வாசனைகளோடு கைகோத்துக்கொள்கிறது. கசப்பு நாக்குக்கு, வாசனை மூக்குக்கு. பெரிய வேலையைச் செய்வது மூக்குதான்.

இதை எழுதும்போது சிங்கப்பூரில் நான் வேலை பார்த்த ஒரு பார் ஞாபகத்துக்கு வருகிறது. பெயர் வேண்டாம். அங்கே கூட்டம் அதிகம், அதனால் சிங்கப்பூர் ஸ்லிங்கை மொத்தமாகக் கலந்து வாளியில் வைத்திருப்பார்கள். செலவு பார்த்து முதலில் நிறுத்தியது பிட்டர்ஸைத்தான். ஜின், செர்ரி லிக்கர், அன்னாசிச் சாறு, எலுமிச்சை, கிரெனடின் எல்லாம் அப்படியே இருந்தன. குடித்தால் ஜாம் கரைத்த தண்ணீர். பாதிக்கு மேல் யாரும் குடிக்கவில்லை, மேசையிலிருந்து திரும்பி வந்த கிளாஸ்களை நான்தான் கொட்டினேன். ராஃபிள்ஸ் ஹோட்டலில் நியாம் டோங் பூன் உருவாக்கியதாகச் சொல்லப்படும் அந்தப் பானத்தில் அங்கோஸ்டுரா ஒரே ஒரு டாஷ்தான். அத்தனை பழச்சாற்றுக்கும் அந்த ஒரு டாஷ் கடிவாளம். அதைச் சில்லறை மிச்சம் என்று கணக்குப் பார்த்தவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

6 ஜூன்

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டவருக்கு: அங்கோஸ்டுராவின் முழுச் செய்முறை ரகசியம். லேபிளில் இருப்பது தண்ணீர், ஆல்கஹால், ஜென்ஷியன், மூலிகை மசாலாக்கள், நிறம், சர்க்கரை என்ற அளவுக்குத்தான். 44.7 சதவீத ஆல்கஹால். வழக்கமான விஸ்கியை விட வலிமையானது.

ஜென்ஷியன் என்பது ஐரோப்பாவின் மலைகளில், ஆல்ப்ஸ், பிரனீஸ் பக்கம் வளரும் மஞ்சள் பூச்செடியின் வேர். அதிலுள்ள அமரோஜென்டின், இயற்கையில் கிடைக்கும் மிகக் கடுமையான கசப்புகளில் ஒன்று. ஜென்ஷியன் கசப்பில் எனக்குப் பிடித்தது அதன் சுத்தம். சட்டென்று வரும், மண்வாசனை லேசாக இருக்கும், துவர்க்காது. வேறு பிட்டர்ஸ்களில் சின்கோனா பட்டை, குவாசியா மரச்சீவல், மாசிப்பத்திரி வகை மூலிகைகள் எல்லாம் கசப்புக்குப் போடுவார்கள். அதற்கு மேல் வாசனைக்கு ஏலம், கிராம்பு, ஜாதிக்காய், ஆரஞ்சுத் தோல் என்று அவரவர் கைப்பக்குவம்.

7 ஜூன்

அங்கோஸ்டுரா பட்டை என்று ஒரு மரப்பட்டை உண்மையிலேயே உண்டு. அங்கோஸ்டுரா பிட்டர்ஸில் அது கிடையாது. பெயர் ஊரிலிருந்து வந்தது.

9 ஜூன்

அந்த ஊரைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள், எனக்கு இதைச் சொல்லப் பிடிக்கும்.

யோகான் கோட்லீப் பெஞ்சமின் சீகர்ட் ஒரு ஜெர்மன் மருத்துவர். 1820இல் வெனிசுவேலாவுக்குப் போய் தென் அமெரிக்க விடுதலைத் தலைவர் சிமோன் பொலிவாரின் படையில் சேர்ந்தார். ஓரினோகோ ஆற்றின் கரையில் அங்கோஸ்டுரா என்ற ஊரில் ராணுவ மருத்துவமனை. வெப்பமண்டலத்தில் படைவீரர்களுக்கு வயிறு ஒத்துழைக்காது என்பது தெரிந்ததுதான். சீகர்ட் அங்கே கிடைத்த மூலிகைகளை வைத்துச் சோதித்து, 1824இல் ஒரு வயிற்று மருந்தைத் தயாரித்தார். அதுதான் இது. ஊரின் பெயர் 1846இல் சியுடாட் பொலிவார் என்று மாறிவிட்டது, பாட்டிலின் பெயர் மாறவில்லை. சீகர்ட் 1870இல் இறந்த பிறகு, நாட்டுக் குழப்பத்துக்குப் பயந்து மகன்கள் தொழிலை அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே டிரினிடாட்டின் போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கு மாற்றினார்கள். இன்றும் அங்கேதான் தயாராகிறது.

மருந்து எப்படி மதுக்கடைக்குள் வந்தது? கப்பல்கள் வழியாக. வயிற்றுக்கு நல்லது என்று கப்பல்காரர்கள் வாங்கினார்கள், பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிகள் அதை ஜின்னில் கலந்து குடித்தார்கள். பிங்க் ஜின் அப்படி வந்தது. ஆனால் மருந்துக் கசப்பை மதுவில் கலப்பது சீகர்ட்டுக்கு முன்பே உண்டு. லண்டனில் ரிச்சர்ட் ஸ்டோட்டன் என்ற மருந்துக்கடைக்காரர் தன் கசப்பு எலிக்ஸிருக்கு 1712இல் காப்புரிமை வாங்கினார். 1806இல் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரப் பத்திரிகை ஒன்று, காக்டெயில் என்றால் என்ன என்று கேட்ட வாசகருக்குப் பதில் அச்சிட்டது: ஏதாவது ஒரு சாராயம், சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ். அவ்வளவுதான். பிட்டர்ஸ் இல்லாவிட்டால் அன்றைய கணக்கில் அது காக்டெயிலே இல்லை, வெறும் ஸ்லிங், அதாவது சாராயமும் சர்க்கரையும் தண்ணீரும் மட்டும்.

ஆக, முதல் கேள்வி கேட்ட நண்பரே, ஓல்டு ஃபேஷன்ட் என்பது அந்த 1806 கணக்கு அச்சு அசலாக அப்படியே நிற்கிற பானம். அதிலிருந்து போய் பிட்டர்ஸை எடுத்துவிட்டுச் சோதிக்கிறீர்களே!

10 ஜூன்

அங்கோஸ்டுராவுக்குப் பாட்டிலை விடப் பெரிய லேபிள் ஏன் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். நிறுவனம் சொல்கிற கதை இது: ஒரு போட்டிக்காக அண்ணன் தம்பிகளில் ஒருவர் பாட்டிலுக்கும் ஒருவர் லேபிளுக்கும் பொறுப்பு, இரண்டு பேரும் அளவு பேசிக்கொள்ளவில்லை. திருத்த நேரமில்லாமல் அப்படியே ஒட்டினார்கள். அதுவே அடையாளமாகிவிட்டது. எத்தனை இருட்டான பாரிலும் கை தடவிக் கண்டுபிடித்துவிடலாம், அந்த விதத்தில் எனக்கு அந்த லேபிள் மேல் நன்றி உண்டு.

13 ஜூன்

அங்கோஸ்டுராவுக்குப் பதில் பேஷோ போடலாமா? போடலாம், ஆனால் பானம் வேறாகிவிடும். பேஷோ நியூ ஆர்லியன்ஸ் சரக்கு. அன்த்வான் அமெதே பேஷோ என்ற மருந்துக்கடைக்காரர் செய்தது. பளிச்சென்ற சிவப்பு, சோம்பு வாடை, லேசான உடம்பு. அங்கோஸ்டுராவின் கிராம்புக் கனம் அதில் இல்லை. சேசரக் செய்ய அது கட்டாயம்: ரை விஸ்கி, சர்க்கரை, பேஷோ, அப்சிந்த்தால் அலசிய கிளாஸ். அங்கே அங்கோஸ்டுராவை மட்டும் போட்டால், அப்சிந்த்தின் சோம்பு துணையில்லாமல் போய்விடும்.

மூன்றாவது, ஆரஞ்சு பிட்டர்ஸ். பழைய மார்ட்டினி செய்முறைகளில் இது உண்டு. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது பிட்டர்ஸ் தொழிலே நசிந்துவிட்டது. ஆரஞ்சு பிட்டர்ஸ் கிட்டத்தட்ட மறந்தே போயிற்று. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் ஃபீ பிரதர்ஸ் நிறுவனத்தார் மட்டும் தொடர்ந்து செய்துகொண்டிருந்தார்கள். 2005இல் காக்டெயில் எழுத்தாளர் கேரி ரீகன் தன் ஆரஞ்சு பிட்டர்ஸைக் கொண்டுவந்த பிறகுதான் பார்களில் அது மறுபடி சாதாரணமாயிற்று. மார்ட்டினியில் ஒரு டாஷ் போட்டுப் பாருங்கள். ஜின்னும் வெர்முத்தும் அதுவரை தள்ளித் தள்ளி நின்றது தெரியும்.

வீட்டுக்கு இந்த மூன்றும் போதும். சாக்லேட், லாவெண்டர், செலரி என்று அலமாரி நிறைய வாங்கி அடுக்கியவர்கள் வீட்டில் எல்லாமே முக்கால் பாட்டில் மிச்சமாகத் தூசி படிந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

14 ஜூன்

டாஷ் எண்ணிக்கை பற்றி யோசித்துக்கொண்டே இருந்தேன். இரண்டு என்று மேலே எழுதியது நடுவாந்தரமான பர்பனுக்கு. தித்திப்பு தூக்கலான பர்பனுக்கு மூன்று என்பதுதான் இப்போது என் முடிவு. ரை விஸ்கிக்கே மிளகுக் காரம் உண்டு, இரண்டு தாண்டினால் இடிக்கும். பழைய ரம்முக்கு மூன்று தாராளமாகத் தாங்கும். மன்ஹாட்டன் காக்டெயிலுக்கு இரண்டு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து வராது.

18 ஜூன்

மது தொடாதவர்கள் பிட்டர்ஸ் சேர்க்கலாமா? நல்ல கேள்வி, நேர்மையான பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

இப்போது நான் இருப்பது மெல்போர்ன். இங்கே லெமன் லைம் பிட்டர்ஸ் என்ற பானம் கோல்ஃப் கிளப்பிலிருந்து குழந்தைகள் சாப்பிடும் உணவகம் வரை எங்கும் உண்டு. லெமனேடு, லைம் கார்டியல், கிளாஸின் உட்புறம் வழியவிட்ட அங்கோஸ்டுரா. எல்லோரும் இதைக் குளிர்பானமாகத்தான் நினைக்கிறார்கள், சூப்பர் மார்க்கெட்டில் அங்கோஸ்டுரா மளிகைச் சாமான்களோடு நிற்கிறது. ஆனால் நான்கு டாஷ் விழுந்த 300 மில்லி கிளாஸில் ஆல்கஹால் அரை சதவீதத்தை ஒட்டி வரும். போதைக்கு அது ஒன்றுமே இல்லை. சமய நம்பிக்கைக்காகவோ, குடியை விட்டு மீண்டுகொண்டிருப்பதாலோ ஒரு துளியும் வேண்டாம் என்பவருக்கு அது ஒன்றுமில்லாத விஷயம் இல்லை.

ஒரு குடும்ப விருந்தில் தாடி வைத்த பெரியவர் ஒருவர், 'இதில் சாராயம் கிடையாதே தம்பி?' என்று கேட்டார். அந்தக் கிளாஸைப் பரிமாறிய பையன் கிடையாது என்று சொல்லிவிட்டான், அவனுக்குத் தெரியவில்லை. நான் போய் இருக்கிறது என்றேன். அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். பார் வேலையில் இருப்பவர்கள் இதை மனப்பாடம் செய்ய வேண்டும்: கேட்கிறவருக்கு உள்ளதைச் சொல்லுங்கள், முடிவு அவருடையது. கிளிசரின் அடிப்படையில் செய்த, ஆல்கஹால் இல்லாத பிட்டர்ஸ்களும் கிடைக்கின்றன. வாசனை கொஞ்சம் மந்தம்தான், ஆனாலும் வைத்திருங்கள்.

22 ஜூன்

'பிட்டர்ஸை மட்டுமே குடிக்க முடியுமா' என்று ஒருவர் விளையாட்டாகக் கேட்டார். முடியும். விஸ்கான்சின் மாநிலத்தில் வாஷிங்டன் தீவு என்ற ஊரில் நெல்சன்ஸ் ஹால் என்ற பார் இருக்கிறது. மதுவிலக்குக் காலத்தில் அதன் உரிமையாளர் மருந்து விற்கும் உரிமம் வாங்கி, பிட்டர்ஸை வயிற்று மருந்தாக விற்றுக் கடையை ஓட்டினார். இன்றும் அங்கே போகிறவர்கள் ஒரு சின்ன கிளாஸ் அங்கோஸ்டுரா குடித்து அங்கத்தினர் அட்டை வாங்குகிறார்கள்.

காக்டெயிலில் என்றால் டிரினிடாட் சவர். 45 மில்லி அங்கோஸ்டுரா, பாதாம் பாகு 30, எலுமிச்சை 22, ரை விஸ்கி 15. நியூயார்க்கின் ஜுசெப்பே கொன்சாலஸ் செய்தது. படித்ததும் வீம்புக்குச் செய்தது என்றுதான் எனக்குத் தோன்றியது, வெகு நாள் தொடவில்லை. குடித்தபின் எண்ணம் மாறியது. பாதாம் பாகின் கொழகொழப்பு அந்தக் கசப்பைத் தாங்கிக்கொள்கிறது. பிட்டர்ஸ் அத்தனை இருந்தும் முன்னால் வருவது கிராம்பும் பட்டையும்தான். 6ஆம் தேதி எழுதியதற்கு இதை விட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

நேர் எதிர்க் கோடியில் பிஸ்கோ என்ற திராட்சைச் சாராயத்தில் செய்யும் பிஸ்கோ சவர். பெருவில் அதன் முட்டைவெண்ணுரை மேல் அமார்கோ சுஞ்சோ என்ற உள்நாட்டு பிட்டர்ஸ் சில சொட்டு. கலக்கக்கூடாது. கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகும்போது மூக்குக்கு முதலில் தட்டுவது அதுதான், பச்சை முட்டையின் வாடை தெரியாது. சொட்டுக் குழாய் உண்மையிலேயே உதவுகிற இடம் இது. குப்பியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

29 ஜூன்

வீட்டில் செய்வது பற்றித் தனிக் கேள்வியாகவே வந்துவிட்டது. சுருக்கமாக: ஒவ்வொரு பொருளையும் தனித்தனிச் சீசாவில், வலுவான வோட்காவில் ஊறவையுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் கிராம்பு ஒரு நாளில் இறங்கிவிடும், ஆரஞ்சுத் தோலுக்கு இன்னும் நேரம் வேண்டும். தினமும் குலுக்கி, ருசி பார்த்து, வேண்டிய இடத்தில் வடிகட்டி நிறுத்துங்கள். பிறகு சொட்டுச் சொட்டாகக் கலந்து உங்கள் அளவைக் கண்டுபிடியுங்கள். ஜென்ஷியன் வேரைச் சந்தேகத்தோடு அணுகுங்கள், கொஞ்சம் கூடினாலும் மற்றதெல்லாம் காணாமல் போகும்.

நிலவேம்பு போடலாமா என்று கேட்ட மதுரை நண்பருக்கு: நான் போட்டுப் பார்த்திருக்கிறேன், எனக்குச் சரிவரவில்லை. அதன் கசப்பு ஜென்ஷியனைப் போல வந்து போகாது. தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும், அடுத்த வாய்க்கு இடம் விடாது. அதோடு அது மருந்து. நீங்கள் வேறு மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் விளையாட வேண்டாம். நெல்லிக்காய்த் துவர்ப்பும் நாரத்தைத் தோலும் சேர்ந்தது எனக்கு நன்றாக வந்தது. நாரத்தைத் தோலில் கசப்பும் வாசனையும் சேர்ந்தே இருக்கின்றன, ஜென்ஷியன் பாதி போதும்.

சின்கோனா விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். 1860களில் நீலகிரியில், நடுவட்டம் பக்கம், மலேரியாவுக்காக அரசாங்கமே பயிரிட்ட மரம் அது. பட்டையில் குயினைன் எவ்வளவு இருக்கிறது என்று வீட்டில் அளக்க வழியில்லை. கூடினால் காது இரையும், தலை சுற்றும், அதற்கு மேலும் போகும். கர்ப்பிணிகள், இதய நோய்க்காரர்கள் பக்கமே போகக்கூடாது. கடையில் அளந்து செய்ததை வாங்கிக்கொள்ளுங்கள்.

2 ஜூலை

பெருவிலும் நியூ ஆர்லியன்ஸிலும் உள்ளூர் பிட்டர்ஸ் இருக்கும்போது நம் ஊரில் அப்படிப் பேர் பெற்றது ஏன் இல்லை என்று கேட்டவரோடு நான் முழுக்க உடன்படுகிறேன். ஏலமும் மிளகும் நாரத்தையும் விளைகிற மண்ணில், யாராவது ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து செய்தால் பேஷோ அருகில் வைக்கக்கூடிய ஒன்று வரும். பேருக்கு 'மசாலா' என்று ஒட்டி, எல்லாவற்றையும் ஒரே சீசாவில் அள்ளிப் போட்டதை நான் சொல்லவில்லை. இரண்டு டாஷில் வேலை செய்ய வேண்டும், அதுதான் பரீட்சை.

11 ஜூலை

ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டுமா என்பதற்கு: வேண்டாம். ஆல்கஹால் அடிப்படையில் செய்தது வருடக்கணக்கில் கெடாது, வெயில் படாமல் மூடி வைத்தால் போதும். கிளிசரின் வகையைத் திறந்தபின் லேபிளில் உள்ளபடி வையுங்கள். துளை மூடியில் சர்க்கரை காய்ந்து அடைத்துக்கொள்ளும். அப்போது டாஷ் பாதிதான் விழும், நீங்கள் மறுபடி பிட்டர்ஸைக் குறை சொல்வீர்கள். மாதம் ஒரு தடவை மூடியைக் கழற்றி வெந்நீரில் அலசிவிடுங்கள்.